வெங்காயம் முளைக்காது, சாயத் தண்ணீரில் உப்பு போகாது: எலக்ட்ரான் கற்றையால் விவசாயிக்கு என்ன பயன்?

ஆஸ்பத்திரி ஊசி முதல் அமெரிக்கா போகும் மாம்பழம் வரை பல பொருள்கள் இன்று கதிர் பாய்ச்சப்பட்டுத்தான் வெளியே வருகின்றன. அந்த வேலையைச் செய்யும் மின்சார இயந்திரங்களை எலக்ட்ரான் கற்றை இயந்திரம், 'இ-பீம்', 'ரேடியேஷன் மெஷின்' என்று ஊருக்கு ஒரு பெயரில் சொல்கிறார்கள். இப்போது அவற்றைப் பற்றிய பேச்சு கிராமங்களுக்கும் வந்துவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் ஆறு இதைச் சுற்றியே இருந்ததால், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: எங்கள் பகுதியில் சின்ன வெங்காயம்தான் முக்கியப் பயிர். அறுவடை நேரத்தில் விலை விழுந்துவிடுகிறது. பட்டறை போட்டு வைத்தால் கொஞ்ச நாளில் முளைக்கிறது, அழுகுகிறது. 'எலக்ட்ரான் பீம் மெஷின் போட்டால் ஒரு வருஷம் ஆனாலும் வெங்காயம் அப்படியே இருக்கும். உறுப்பினர்கள் எல்லாரும் பங்குத்தொகை போடுங்கள்' என்று ஒருவர் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். பணம் போடலாமா?
- வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: முளைப்பது நிற்கும். அழுகுவது நிற்காது. எடை குறைவதும் நிற்காது. பங்குத்தொகை பற்றி முடிவெடுக்கும் முன் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் இயந்திரம். பழைய டி.வி. பெட்டியில் பின்பக்கம் நீண்டிருக்கும் படக்குழாய் பலருக்கும் நினைவிருக்கும். அதற்குள் சூடான கம்பியிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை மின்சாரம் தள்ளிவிடும், காந்தம் அவற்றைப் பக்கவாட்டில் அசைக்கும். எலக்ட்ரான் கற்றை இயந்திரத்திலும் நடப்பது அதுதான். ஆனால் வேகம் மிக அதிகம். டி.வி. குழாயில் எலக்ட்ரானைத் தள்ளும் அழுத்தம் சுமார் 25,000 வோல்ட். உணவுப் பொருளுக்கான இயந்திரத்தில் எலக்ட்ரான் பெறும் ஆற்றல் 1 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரை, அதாவது 400 மடங்கு.

இப்படிப்பட்ட பெரிய இயந்திரங்களில் கற்றை ஒரே சீராக ஓடாது. பால் கறக்கும்போது மடியிலிருந்து பீறிட்டுப் பீறிட்டு வருவது போல, விநாடிக்குச் சில நூறு தடவை துடிப்புத் துடிப்பாக வரும். ஒவ்வொரு துடிப்பும் ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரம்தான் நீடிக்கும். சராசரியாகப் பார்த்தால் கற்றையின் சக்தி ஒரு 10 எச்.பி. மோட்டார் அளவுதான். துடிக்கும் அந்தக் கணத்தில் மட்டும் அது மெகாவாட் கணக்கில் இருக்கும். சுவிட்சை அணைத்தால் கற்றை நின்றுவிடும்.

கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து நடத்தும் நிலையங்கள் வேறு வகை. அதிலிருந்து காமா கதிர் ராப்பகலாக வந்துகொண்டே இருக்கும், அணைக்க முடியாது. வேலை இல்லாத நேரத்தில் ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைப்பார்கள். 5.27 ஆண்டுகளில் அதன் வீரியம் பாதியாகிவிடும், அவ்வப்போது புதிதாகச் சேர்க்க வேண்டும். நம் நாட்டில் வெங்காயத்துக்கு அதிகம் பேசப்படுவது இந்த கோபால்ட் முறைதான். மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்தின் லாசல்காவ் பெரிய வெங்காயச் சந்தை. அங்கே பாபா அணு ஆராய்ச்சி மையம் 2002-ல் 'கிருஷக்' என்ற பெயரில் ஒரு காமா நிலையத்தைத் தொடங்கியது. வெங்காயத்துக்குக் கதிர் பாய்ச்ச இந்திய அரசு 1994-லேயே அனுமதி தந்துவிட்டது.

எவ்வளவு கதிர் என்பதை 'கிரே' என்ற அளவால் சொல்கிறார்கள். ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது 1 கிரே. வெங்காயம், உருளைக்கிழங்கு, இஞ்சி போன்றவை முளைக்காமல் இருக்க விதிகள் அனுமதிக்கும் அளவு 20 முதல் 200 கிரே வரை. வெங்காயத்துக்குப் பொதுவாக 60 முதல் 90 கிரே போதும். அந்த அளவில் வெங்காயம் சூடாவதுகூட இல்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான ஆற்றலில் எழுபதில் ஒரு பங்குதான் 60 கிரே. ஆனால் வெங்காயத்தின் நடுவில் உறங்கும் குருத்தில், பிரிந்து பெருகும் செல்களின் மரபுப்பொருளை அது உடைத்துவிடுகிறது. குருத்து அதன்பின் வளராது.

இதில் பருவம் முக்கியம். அறுவடை முடிந்து, காய வைத்து, குருத்து உறக்கத்தில் இருக்கும்போதே கதிர் பாய்ச்ச வேண்டும். அறுவடையான சில வாரங்களுக்குள் முடித்துவிடுவது நல்லது. உள்ளே குருத்து கிளம்பிய பிறகு பாய்ச்சினால், கிளம்பிய குருத்து செத்து உள்ளே பழுப்பாக நிற்கும். வெட்டிப் பார்ப்பவர் கெட்டுப்போன வெங்காயம் என்று ஒதுக்கிவிடுவார். விலை ஏறவில்லையே என்று இரண்டு மூன்று மாதம் பட்டறையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கொண்டுபோவதால் பலன் இல்லை.

அழுகல் வேறு கதை. அடியழுகல், கழுத்தழுகல், கரும்பூசணம் இவற்றை உண்டாக்கும் பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் 60 கிரே ஒன்றும் செய்யாது. அவற்றைக் கொல்லப் பல ஆயிரம் கிரே வேண்டும். அந்த அளவு பாய்ச்சினால் வெங்காயமே கொழகொழத்துவிடும். எடை குறைவதும் அப்படித்தான். கதிர் பட்ட வெங்காயமும் மூச்சு விடும், ஈரத்தை இழக்கும். முளைப்பதால் வரும் எடை இழப்பு மட்டும் மிச்சமாகும். ஆகவே 'ஒரு வருஷம் அப்படியே இருக்கும்' என்பது சரியல்ல. நன்றாகக் காய வைத்து, காற்றோட்டமான பட்டறையிலோ குளிர்பதனக் கிடங்கிலோ வைத்தால்தான் கதிர் பாய்ச்சியதன் முழுப் பலன் தெரியும். 2023-ல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இருப்பு வெங்காயத்தில் இந்த முறையைச் சோதித்தபோதும், கதிரையும் சேமிப்பையும் சேர்த்தே பார்த்தார்கள்.

சின்ன வெங்காயத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பெரும்பாலான இடங்களில் சின்ன வெங்காயத்தை விதைப்பதில்லை, காயையே நடுகிறார்கள். கதிர் பாய்ச்சிய காயை நட்டால் முளைக்காது. ஏக்கர் கணக்கில் நட்டுவிட்டு, தண்ணீரும் விட்டு, பத்து நாள் காத்திருந்து ஏமாற வேண்டியதுதான். ஒரு நிலையம் வந்துவிட்டால், விதைக்காய் வேறு, விற்பனைக் காய் வேறு என்று முதல் நாளே மூட்டையில் அடையாளம் போட வேண்டும். மண்டியில் விதைக்காய் வாங்கும் பழக்கம் உள்ள பகுதிகளில் இந்த ஒழுங்கு இல்லாவிட்டால், ஒரு ஊர் சம்பாதிக்கும், பக்கத்து ஊர் நஷ்டப்படும்.

எலக்ட்ரான் கற்றைக்கென்று ஒரு குறையும் இருக்கிறது. காமா கதிர் மூட்டை முழுவதையும் ஊடுருவும். எலக்ட்ரான் அப்படிப் போகாது. 1 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருந்தாலும் தண்ணீரில் 5 செ.மீ. ஆழத்தோடு நின்றுவிடும். 50 கிலோ மூட்டையை அப்படியே வைத்தால் வெளிப்பக்கக் காய்களுக்கு மட்டும் கதிர் கிடைக்கும், நடுவில் இருப்பவை வழக்கம்போல் முளைக்கும். மூட்டையைப் பிரித்து, பெல்ட்டில் ஒன்றிரண்டு அடுக்காகப் பரப்பி, கற்றைக்குக் கீழே ஓட்டி, மறுபடி மூட்டை கட்ட வேண்டும். சின்ன வெங்காயம் உருவில் சிறியது என்பதால் இது முடியாத காரியம் அல்ல. ஆனால் தோல் உரியும், அடி படும், கூலி ஏறும். எலக்ட்ரானை உலோகத் தகட்டில் மோதவிட்டு எக்ஸ் கதிராக மாற்றினால் மூட்டையோடு பாய்ச்சலாம். அப்போது மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும்.

இனி கணக்கு. 100 கிலோ வெங்காயத்துக்கு இன்று கிலோ 20 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 ரூபாய். பட்டறையில் வைத்து முளைப்பு, அழுகல், எடைக்குறைவு எல்லாம் சேர்ந்து 25 கிலோ கழிந்தால் மிஞ்சுவது 75 கிலோ. அதே 2,000 ரூபாய் வர கிலோவுக்கு ஏறக்குறைய 26 ரூபாய் 67 காசு கிடைக்க வேண்டும். கதிர் பாய்ச்சியதால் கழிவு 20 கிலோவாகக் குறைந்தால் மிச்சம் 5 கிலோ. அந்த விலையில் அதன் மதிப்பு சுமார் 133 ரூபாய், அதாவது கொண்டுபோன ஒவ்வொரு கிலோவுக்கும் 1 ரூபாய் 33 காசு. லாரி வாடகை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, நிலையத்துக் கட்டணம் எல்லாம் இந்தத் தொகைக்குள் அடங்கினால் லாபம், மீறினால் நஷ்டம். ஒவ்வொரு குழுவும் தன் சொந்தப் பட்டறையின் கழிவை எடை போட்டு, அதில் முளைப்பால் போனது எவ்வளவு, அழுகலால் போனது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அழுகல்தான் அதிகம் என்றால் இந்த இயந்திரம் உதவாது.

பெரும்பாலான இடங்களில் முதலில் செலவிட வேண்டியது வயலில்தான். கடைசிக் கட்டத்தில் யூரியா போடாமல் இருப்பது, அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துவது, தாளை இரண்டு செ.மீ. விட்டு அறுப்பது, நிழலில் கழுத்துச் சுருங்கும்வரை காய வைப்பது, காயம்பட்டதையும் ரெட்டைக் காயையும் பொறுக்கித் தள்ளுவது, தரையிலிருந்து உயர்த்திக் காற்றுப் போகும்படி பட்டறை கட்டுவது. இவற்றை எல்லாம் செய்த பிறகும் முளைப்பால் நஷ்டம் வருகிறது என்றால், அப்போது கதிர் பாய்ச்சும் நிலையத்தைத் தேடிப் போகலாம்.

கேள்வி: கதிர்வீச்சு பட்ட காயையும் பழத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் புற்றுநோய் வருமா? அந்தப் பொருளில் கதிர் தங்கியிருக்குமா?
- வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தங்காது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வருபவரின் உடம்பில் எக்ஸ் கதிர் தங்குவதில்லை, அது போலத்தான் இதுவும். ஒரு பொருளையே கதிரியக்கம் உள்ளதாக மாற்ற வேண்டுமானால் மிக அதிக ஆற்றல் வேண்டும். அதனால்தான் உணவுக்குப் பயன்படும் எலக்ட்ரானின் ஆற்றலுக்கு 1 கோடி எலக்ட்ரான் வோல்ட் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். கோபால்ட்டின் காமா கதிர் அதைவிட மிகவும் குறைவு, சுமார் 13 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்.

உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம், சர்வதேச அணுசக்தி முகமை மூன்றும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, சராசரியாக 10,000 கிரே வரை கதிர் பாய்ச்சிய எந்த உணவாலும் நச்சுத் தீங்கு இல்லை என்று 1980-ல் முடிவு சொன்னது. வெங்காயத்துக்குப் பாய்ச்சுவது அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவு சமைக்கும்போதும் வருவதுதான்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தெரிய வேண்டிய இன்னொரு செய்தி மாம்பழம் பற்றியது. மாங்கொட்டைக் கூன்வண்டும் பழ ஈயும் தங்கள் நாட்டுக்குள் வந்துவிடும் என்று அமெரிக்கா இந்திய மாம்பழத்தை நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தது. 2007-ல் அந்தக் கதவு திறந்தது கதிர் பாய்ச்சும் முறையால்தான். லாசல்காவில் குறைந்தது 400 கிரே பாய்ச்சிய பெட்டிகள் ஏற்றுமதியாயின. அந்த அளவில் பழத்துக்குள் இருக்கும் வண்டு உடனே சாக வேண்டும் என்பதில்லை. உயிரோடு இருந்தாலும் அதனால் இனம் பெருக்க முடியாது, அதுவே போதும்.

கதிர் பாய்ச்சிய உணவை விற்பவர் அதைச் சொல்லியே விற்க வேண்டும். வட்டத்துக்குள் பூப்போன்ற 'ரடுரா' என்ற குறி, பாய்ச்சிய நோக்கம், தேதி ஆகியவை பொட்டலத்தில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று நினைப்பவர் அதைப் பார்த்து ஒதுக்கிக்கொள்ளலாம். ஆபத்து உண்மையில் நிலையத்துக்குள் வேலை செய்பவர்களுக்குத்தான். கற்றை ஓடும்போது உள்ளே ஒருவர் இருந்தால் உயிர் தப்பாது. அதற்காகவே மீட்டர் கணக்கில் தடித்த கான்கிரீட் சுவரும், கதவு திறந்தால் தானே அணையும் அமைப்பும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் கட்டாயம்.

கேள்வி: நொய்யல் கரையில் எங்கள் கிணறு சாயத் தண்ணீரால் கெட்டுப் பல வருஷம் ஆகிறது. கொரியாவிலும் சீனாவிலும் எலக்ட்ரான் கற்றையால் சாயக்கழிவைச் சுத்தம் செய்கிறார்களாமே? இங்கே கொண்டுவந்தால் எங்கள் கிணறு மீளுமா?
- வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: அங்கே செய்வது உண்மை. தென் கொரியாவின் டேகு நகரச் சாயப்பட்டறை வளாகத்தில் 1998-ல் நாளுக்கு 10 லட்சம் லிட்டர் அளவில் சோதனை தொடங்கி, பிறகு நாளுக்கு 1 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையமாக வளர்த்தார்கள். சீனாவில் 2017-ல் ஜின்ஹுவா நகரில் முதல் நிலையம் வந்தது. 2020-ல் குவாங்டாங் மாகாணத்தில் நாளுக்கு 3 கோடி லிட்டர் சாயக்கழிவைக் கையாளும் நிலையம் வந்தது.

வேலை செய்யும் விதம் இதுதான். எலக்ட்ரான் தண்ணீர் மூலக்கூறை உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் ஹைட்ராக்சில் என்ற ஒன்று படு ஆவேசமானது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அருகில் உள்ள சாய மூலக்கூறின் சங்கிலியை அறுத்துவிடும். நிறம் போகும். பாக்டீரியாவால் தின்ன முடியாமல் இருந்த சாயம், தின்னக்கூடிய சின்னத் துண்டுகளாகும். அதன்பின் வழக்கமான உயிரியல் தொட்டி வேலையை முடிக்கும். எலக்ட்ரான் ஆழம் போகாது என்பதால் தண்ணீரைச் சில மி.மீ. தடிமனுள்ள தகடு போலப் பீய்ச்சி அதன்மேல் கற்றையை அடிக்கிறார்கள்.

ஆனால் நொய்யல் விவசாயிக்கு எதிரி நிறம் மட்டும் அல்ல, உப்பு. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பைக் கிலோ கணக்கில் கொட்டுகிறார்கள். அந்த சோடியத்தையும் குளோரைடையும் எந்த எலக்ட்ரானாலும் அழிக்க முடியாது. அவை மூலக்கூறுச் சங்கிலி அல்ல, தனித்தனி அயனிகள். கற்றைக்குக் கீழே போகும் முன் எவ்வளவு உப்போ, வெளியே வரும்போதும் அவ்வளவு உப்பு. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர் வரும். வயலில் பாய்ச்சினால் பயிர் கருகும். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறியதும், அதன் கீழே கிணறுகளும் நிலங்களும் கெட்டதும் இந்த உப்பால்தான்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வைத்த நிபந்தனை, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்பது. அதற்காக வந்தவைதான் சவ்வு வடிகட்டிகளும், தண்ணீரை ஆவியாக்கி உப்பைத் தனியே எடுக்கும் கலன்களும். எலக்ட்ரான் கற்றை அவற்றுக்கு மாற்று ஆகாது. சவ்வுக்கு முன்னால் சாயத்தையும் பிற கரிமப் பொருளையும் உடைத்துக் கொடுக்கும் துணையாக வேண்டுமானால் அது இருக்கலாம். 'புது இயந்திரம் வந்துவிட்டது, இனி ஆற்றில் விடலாம்' என்று யாராவது பேசினால், விவசாயிகள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: வெளியே வரும் தண்ணீரில் மொத்தக் கரைந்த உப்பு எவ்வளவு?

ஏற்கெனவே கெட்ட கிணற்றை எந்தக் கற்றையும் மீட்காது. நல்ல மழையும், கிணற்றைச் சுற்றி நல்ல தண்ணீர் இறங்க வழியும், காலமும்தான் மீட்கும். அதுவரை மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, வேளாண் துறையின் மண் மற்றும் பாசனநீர்ப் பரிசோதனை நிலையத்தில் கோடைக்கு ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை பரிசோதித்து எழுதி வைக்க வேண்டும். மின்கடத்துத் திறன் 0.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. நடுவில் இருந்தால் தென்னை, பருத்தி, தீவனப்புல் போன்ற உப்பு தாங்கும் பயிர்களை யோசிக்கலாம். ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்த தாள் நாளை இழப்பீட்டு வழக்கிலும் சாட்சி சொல்லும்.

கேள்வி: நகராட்சிச் சாக்கடைக் கசடைக் கதிரால் சுத்தம் செய்து உரமாக விற்கிறார்களாமே, வாங்கிப் போடலாமா?
- வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: குஜராத்தின் அகமதாபாத்தில் மாநகராட்சி இதைச் செய்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பம், நாளுக்கு 100 டன் உலர்ந்த கசடு, கோபால்ட்டின் காமா கதிர். இதற்கு முன்னோடியாக வதோதராவில் ஒரு நிலையம் 1990-களிலேயே இயங்கியது. கதிர் பட்டதும் கசடில் இருக்கும் நோய்க் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் ஒழிகின்றன. கிருமி போன கசடில் அசோஸ்பைரில்லம் வகை நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கலந்தால் போட்டியில்லாமல் பெருகும். கசடிலோ தழைச்சத்தும் மணிச்சத்தும் கரிமமும் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆனால் உப்புக்குச் சொன்னது இங்கே கன உலோகத்துக்கும் பொருந்தும். தொழிற்சாலைக் கழிவு கலந்த சாக்கடையில் காட்மியம், ஈயம், குரோமியம் இருந்தால் அவை கதிரால் போகாது. நகரக் கழிவு உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு வைத்திருக்கிறது: கிலோவுக்குக் காட்மியம் 5 மி.கி., குரோமியம் 50 மி.கி., ஈயம் 100 மி.கி. மட்டுமே இருக்கலாம். பரிசோதனைச் சான்றில் இந்த எண்களைக் காட்டாத கசடு உரத்தை வாங்கக் கூடாது. வயலில் விழுந்த காட்மியத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. கீரை, கிழங்கு வயல்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

உரத்தோடு தொடர்புடைய இன்னொரு பயன் போலந்தில் நடந்தது. அங்கே ஷ்செசின் நகருக்கு அருகே பொமொசானி நிலக்கரி மின்நிலையத்தில், புகையோடு அமோனியாவைக் கலந்து எலக்ட்ரான் கற்றையை அடித்தார்கள். அமில மழைக்குக் காரணமான கந்தக, நைட்ரஜன் வாயுக்கள் அம்மோனியம் சல்பேட்டாகவும் அம்மோனியம் நைட்ரேட்டாகவும் தூளாகி விழுந்தன. கந்தக வாயுவில் 95 சதவிகிதம் வரை பிடிபட்டது. புகைபோக்கியில் போக வேண்டியது உர மூட்டைக்குப் போனது. மின்சாரச் செலவு அதிகம் என்பதால் இது உலகம் முழுக்கப் பரவவில்லை.

கேள்வி: விதை நேர்த்தி மருந்துக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தலாமா? அப்படிச் செய்த விதை முளைக்குமா?
- வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: ஜெர்மனியில் கோதுமை, பார்லி விதைகளுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே தந்திரம் ஆற்றலைக் குறைப்பதில் இருக்கிறது. வெங்காயத்துக்கு 1 கோடி என்றால் இதற்குச் சுமார் 1 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்தான். அந்த எலக்ட்ரான் விதைத் தோலோடு நின்றுவிடும். தோலில் ஒட்டியிருக்கும் கரிப்பூட்டை போன்ற பூஞ்சை வித்துகள் சாகும், உள்ளே இருக்கும் முளைக்கரு தப்பிக்கும். முளைத்த பிறகு மண்ணிலிருந்து வரும் நோய்க்கு இது காப்பு அல்ல. அதற்கு நம் டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் விதை நேர்த்தியே இன்றைக்கும் கைக்கு எட்டிய வழி.

புது ரகம் உருவாக்க விதைக்குக் கதிர் பாய்ச்சுவது வேறு. அதில் வேண்டுமென்றே கருவைத் தொட்டு, மாறிய செடிகளில் நல்லதைப் பல தலைமுறை பொறுக்கி எடுப்பார்கள். டிராம்பேயில் உருவான டி.ஏ.ஜி. 24 நிலக்கடலை அந்த வழியில் வந்ததுதான். அதன் விதையில் கதிர் எதுவும் இல்லை, தாராளமாக விதைக்கலாம்.

கேள்வி: லேசரால் களை எடுக்கும் வண்டியும், லேசரால் துரு நீக்கும் கருவியும் வீடியோவில் பார்த்தோம். நமக்குப் பயன்படுமா?
- வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: களை எடுக்கும் வண்டி அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஏக்கர் காய்கறிப் பண்ணைகளுக்காக வந்தது. கேமரா களையின் குருத்தைக் கண்டுபிடிக்கும், லேசர் ஒரு கணம் சுட்டுப் பொசுக்கும். சின்னக் களைக்குத்தான் சரிப்படும். வேர்க்கிழங்கிலிருந்து திரும்பத் திரும்பக் கிளம்பும் கோரையை ஒரு சூட்டில் ஒழிக்க முடியாது. இரண்டு ஏக்கர்காரருக்குச் சக்கரக் களைக்கருவிதான் இன்றைக்குக் கட்டுபடியாகும்.

துரு நீக்கும் துடிப்பு லேசர் பட்டறைக்காரருக்குப் பயன்படும் கருவி. ஒவ்வொரு துடிப்பும் துருவை ஆவியாக்கிவிட்டு, அடியில் இருக்கும் இரும்பு சூடாகும் முன்பே முடிந்துவிடும். மணலும் அமிலமும் தேவையில்லை. ஆனால் பளபளப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளிகூடக் கண்ணை நொடியில் குருடாக்கும். அந்த லேசருக்கென்றே செய்த கண்ணாடி அணியாதவரையும் சிறுபிள்ளைகளையும் பக்கத்தில் விடக் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதால் புகையையும் சுவாசிக்கக் கூடாது.

எலக்ட்ரான் கற்றை ஏற்கெனவே பல வீடுகளுக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நீர்மூழ்கி மோட்டார் கேபிள் இணைப்பில் போட்டுச் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறையும், சோலார் பம்புசெட்டின் வெயில் தாங்கும் கேபிள் உறைகளில் பலவும் எலக்ட்ரான் கற்றை பட்டு உறுதியானவைதான்.

பங்குத்தொகை கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டியவை

1. இயந்திரம் எலக்ட்ரானா, எக்ஸ் கதிரா, கோபால்ட்டா? மூட்டையோடு பாய்ச்சலாமா, பிரித்துப் பரப்ப வேண்டுமா?

2. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமத்துக்கு விண்ணப்பித்த தாள் எங்கே? அந்தத் தாள் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

3. வெங்காயத்துக்கு வருஷத்தில் சில வாரம்தான் வேலை. மீதி நாளில் இயந்திரத்துக்கு என்ன வேலை? மிளகாய்த்தூள், மசாலா, மருத்துவப் பொருள் என்று ஆண்டு முழுக்க ஓட ஒப்பந்தம் இருக்கிறதா? வெங்காயத்தை மட்டும் நம்பிப் போடும் நிலையம் கடனைக் கட்டாது.

4. கிலோவுக்குக் கட்டணம் எவ்வளவு? பாய்ச்சிய பிறகும் வெங்காயம் முளைத்தால் பொறுப்பு யாருடையது?

5. விதைக்காயும் விற்பனைக் காயும் கலக்காமல் இருக்க என்ன ஏற்பாடு?

6. சொந்த நிலையம் போடும் முன், ஏற்கெனவே உரிமத்தோடு இயங்கும் நிலையத்துக்கு ஒரு டன் அனுப்பி, இன்னொரு டன்னைப் பாய்ச்சாமல் அதே பட்டறையில் வைத்து, நான்கு மாதம் கழித்து இரண்டையும் எடை போட்டுப் பார்க்கச் சம்மதமா?

கடைசிக் கேள்விக்குச் சம்மதிக்காதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. இயங்கும் நிலையங்களின் பட்டியலை, அணுசக்தித் துறையின் கீழ் உள்ள கதிரியக்க மற்றும் ஐசோடோப் தொழில்நுட்ப வாரியமான 'பிரிட்' அமைப்பிடம் கேட்டுப் பெறலாம். சோதனைக்கு ஆகும் செலவு இரண்டு லாரி வாடகையும் ஒரு டன்னுக்கான கட்டணமும்தான். நாற்பது குடும்பங்களின் பங்குத்தொகையோடு ஒப்பிட்டால் அது பெரிய காசு அல்ல.